கூடிப் பேசும் கிருமிகள்

மாமல்லபுரத்தை ஒட்டிய கடற்கரையில் இறால் குஞ்சு பொரிப்பகங்கள் உண்டு. இந்த மாதிரி இடங்களில் ராத்திரி விளக்கை அணைத்ததும் சில சமயம் தொட்டித் தண்ணீர் நீலப்பச்சையாக மினுங்கும். பார்க்க அழகுதான், முதலாளிக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கும். விப்ரியோ ஹார்வேயி என்ற பாக்டீரியா பெருகிவிட்டது. குஞ்சுகள் கூண்டோடு போகலாம்!

ஒன்றிரண்டாக இருந்தால் இது ஒளிராது. ஒவ்வொன்றும் தண்ணீரில் ஒரு ரசாயனச் சமிக்ஞையை விடும். கூட்டம் சேர்ந்து அது அடர்ந்ததும் எல்லாம் ஒன்றாக ஒளிரும்.

இறால் தொட்டியில் மட்டுமல்ல, மனித உடம்பிலும் கிருமிகள் இப்படிக் கூடிப் பேசும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது பரம்பரை நோய். நுரையீரலில் சளி கெட்டியாகத் தேங்கும். அங்கே குடியேறும் சூடோமோனாஸ் கிருமியும் இப்படிப் பேசிக்கொண்டுதான் பிசுபிசுப்பான படலம் கட்டுகிறது. ஆன்டிபயாட்டிக்குக்கு லேசில் மசியாது.

மறுபடி இறால் தொட்டிக்கு வருவோம். இறால் வளர்ப்பவர்கள் பேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியாவைத் தண்ணீரில் விடுகிறார்கள். இரைக்கும் இடத்துக்கும் போட்டி போட்டு அது விப்ரியோவை அடக்கும். 2000-இல் பேசிலஸ் வகை ஒன்றில் ஒரு நொதியைக் கண்டுபிடித்தார்கள். சூடோமோனாஸ் பயன்படுத்தும் சமிக்ஞையை அது உடைத்துவிடுகிறது. ஆய்வகத்தில் பலித்திருக்கிறது; நோயாளிக்கு மருந்தாக இன்னும் வரவில்லை.

அதுவரை ஒன்று நினைவிருக்கட்டும். குழந்தையைக் கொஞ்சும்போது தோல் அதிகமாக உப்புக் கரிக்கிறதா? சளியும் ஓயவில்லையா? டாக்டரிடம் சொல்லுங்கள். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸைக் கண்டறிய வியர்வைப் பரிசோதனை இருக்கிறது.