ஐம்பது நாள் கடல்



லண்டனில் வாழும் என் பள்ளித் தோழன் ஒருவன் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தான். நானும் அவனும் ஐந்தாம் வகுப்பு முதல் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். "மச்சான், வாற ஓகஸ்டிலை பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு கிரீஸுக்குப் போறம். பாய்ப்படகு ஒண்டு வாடகைக்கு எடுத்து ஒரு கிழமை கடலிலை. நீதான் உந்தக் கிரேக்கக் கதையளெல்லாம் படிச்சனீ. எந்தத் தீவுக்கு முதல் போகலாம் எண்டு சொல்லு" என்றான்.

நான் கிரேக்க நாட்டைக் கண்டவனல்லன். கடல் என்றால் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போய்வரும் தூரமும், அதைத் தவிர இன்னொரே ஒரு பயணமும்தான் எனக்குத் தெரியும். அந்த இன்னொன்றைப் பிறகு சொல்கிறேன். அவனோ இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்று, படகு செலுத்தும் சான்றிதழும் எடுத்து வைத்திருக்கிறான். கிரேக்கத்தில் மாலுமியின்றித் தனிப்படகு வாடகைக்கு எடுப்பவர் அத்தகைய சான்றிதழைக் காட்டவேண்டும். படகில் அனுபவமுள்ள இரண்டாம் ஆளும் ஒருவர் இருக்கவேண்டும். அப்படிப்பட்டவனுக்குக் கரையில் இருக்கும் தமிழாசிரியன் என்ன சொல்வது? தட்டிக்கழிக்கவே எண்ணினேன். ஆனால் அன்றிரவு ஹெசியொட் நினைவுக்கு வந்தார்.

ஹோமரை நம்மவர் நன்கறிவர். ஹெசியொட் அவ்வளவு அறியப்பட்டவரல்லர். ஏறத்தாழ கி.மு. 700 அளவில் வாழ்ந்தவர். போயோத்தியாவில் அஸ்கிரா என்னும் சிற்றூரின் உழவர். 'வேலைகளும் நாள்களும்' என்ற அவருடைய நூல் எண்ணூறுக்குச் சற்று மேற்பட்ட அடிகள் கொண்டது. முதுசொத்தில் தன் பங்குக்கு மேல் சுருட்டிக்கொண்ட சகோதரன் பேர்சிஸுக்கு அறிவுரை கூறுவதாக அமைந்தது. காணிச் சண்டையிலிருந்து ஓர் இலக்கியம் பிறந்திருக்கிறது என்றால் யாழ்ப்பாணத்தவர் வியக்கமாட்டார்கள்.

உழவையும் உழைப்பையும் பற்றிப் பேசிவருபவர் நடுவே கடற்பயணத்துக்குத் திரும்புகிறார். அங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்கிறார். தாம் வாழ்நாளில் ஒரேயொரு முறைதான் கப்பலில் ஏறியதாகவும், அதுவும் அவுலிஸ் என்னும் துறையிலிருந்து எதிரேயுள்ள யூபியாத் தீவுக்கு மட்டுமே என்றும் கூறுகிறார். அந்த நீரிணை கல்கிஸ் நகரருகே ஏறத்தாழ நாற்பது மீற்றர் அகலந்தான். ஒரு பிரபுவின் ஈமச் சடங்கை ஒட்டி நடந்த பாட்டுப் போட்டிக்குப் போய், கைப்பிடி வைத்த முக்காலி ஒன்றைப் பரிசாக வென்று வந்தாராம். இவ்வளவே தம் கடல் அனுபவம் என்று ஒப்புக்கொண்ட பிறகும், கலைத்தெய்வங்கள் தமக்குக் கற்பித்தன என்று சொல்லி அறிவுரையைத் தொடங்கிவிடுகிறார். நயினாதீவு வரை போன எனக்கு இதைவிட வேறென்ன துணிவு வேண்டும்?

ஆனால் அவர் வெறும் வாய்ச்சொல் வீரரல்லர். அவருடைய தந்தை ஆசியாக் கரையிலுள்ள கைமே நகரிலிருந்து வறுமைக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்தவர். வீட்டில் கேட்ட அச்சம் அந்த அடிகளில் இருக்கிறது. கார்த்திகை விண்மீன் கூட்டம் ஓரையனுக்கு அஞ்சி ஓடிக் கடலில் விழும் காலம், அதாவது ஒக்டோபர் இறுதி நவம்பர் அளவில், கப்பலைக் கடலில் வைத்திருக்கலாகாது என்கிறார். கரைக்கு இழுத்து, சுற்றிலும் கல் அடுக்கி, மழைநீர் தேங்கி உளுக்காதபடி அடித்தக்கையைக் கழற்றி, சுக்கானை அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிடச் சொல்கிறார். அத்திமரத்து உச்சியில் காக்கையின் காலடி அளவு இலை துளிர்க்கும் இளவேனிலிலும் ஒரு பயணக் காலம் உண்டு. ஆனால் அது பறித்தெடுக்கும் பயணம், தமக்கு அதில் விருப்பமில்லை என்கிறார். நல்ல காலம் ஒன்றே. கதிரவன் வடகோடிக்குப் போய்த் திரும்பிய பின் ஐம்பது நாள்.

இந்த ஐம்பது நாள் என்பதற்கு உரை காண்பதில் அறிஞர்கள் வேறுபடுகின்றனர். திரும்பிய நாள் முதல் ஐம்பது நாள் வரை என்பர் சிலர். ஐம்பது நாள் கழிந்த பின்னர் என்பர் வேறு சிலர். நம் உரையாசிரியர்கள் ஒரு சொல்லுக்கு மல்லுக்கட்டுவதுபோலத்தான். நடைமுறையில் இந்த வேறுபாடு சிறியதன்று. ஜூன் 21ஐ அடுத்து ஐம்பது நாளை எண்ணினால் ஓகஸ்ட் 10 வருகிறது. என் தோழன் குறித்துவைத்த கிழமை அதற்குள்ளேதான் இருந்தது. ஹெசியொட்டே அனுமதித்துவிட்டார் என்று அவன் சொல்லக்கூடும்.

ஆனால் அந்த நாள்களில் ஏஜியன் கடலில் வீசும் காற்றை அறியவேண்டும். பழைய கிரேக்கர் அதை எதேசியக் காற்று, அதாவது ஆண்டுக் காற்று, என்றனர். இன்றைய பெயர் மெல்தெமி. வடக்கிலிருந்து வீசும் உலர்ந்த காற்று. ஜூலை, ஓகஸ்டில் அதன் வலு உச்சம். மழை இல்லை, முகில் இல்லை, வானம் கண்ணாடிபோலத் தெளிந்திருக்கும், கடலோ நுரைத்துக்கொண்டிருக்கும். போஃபோர்ட் அளவில் ஆறு, ஏழு என்பது சாதாரணம். ஏழு என்றால் மணிக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். சில வேளை மூன்று நாள், நான்கு நாள் என்று இரவும் பகலும் ஓயாமல் அடிக்கும். நம் ஊரில் முகில் கறுத்தால் மீனவர் படகைக் கட்டுவர். அங்கே நீலவானத்தை நம்பிப் புறப்படுகிறவன் ஏமாறுவான்.

இந்தக் காற்றுக்கும் நமக்கும் ஓர் உறவுண்டு. கோடையில் இந்தியாவின் வடமேற்கிலும் பாகிஸ்தானிலும் நிலம் கொதித்துப் பெருந்தாழமுக்கம் உருவாகிறது. அதுவே தென்மேற்குப் பருவக்காற்றை இழுத்து வருவது. நம் யாழ்ப்பாணத்துச் சோழகமும் அதன் பகுதிதான். அதே தாழமுக்கத்தின் வால் மேற்கே துருக்கி வரை நீள்கிறது. பால்கன் பக்கத்து உயரமுக்கத்துக்கும் அந்த வாலுக்கும் இடையே அகப்பட்டே மெல்தெமி வீசுகிறது. வானிலை அறிஞர் இன்று சொல்லும் இந்த உறவின் ஒரு நுனியை முதலாம் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகன் பிடித்திருக்கிறான். முசிறியைக் குறிப்பிடும் 'எரித்திரியக் கடலின் பெரிப்ளஸ்' நூலின் ஆசிரியனைத்தான் சொல்கிறேன். தங்கள் நாட்டில் எதேசியக் காற்று வீசும் அதே காலத்தில் இந்தியக் கடலில் தென்மேற்குக் காற்று எழுகிறது என்று அவன் எழுதிவைத்தான். அங்கே வடக்கு, இங்கே தென்மேற்கு, நாள்காட்டி ஒன்று.

மறுநாள் தோழனின் திட்டத்தை எழுதி வாங்கினேன். சனிக்கிழமை ஏதென்ஸில் படகேறி, மிக்கோனோஸ், பாரோஸ், சந்தோரினி என்று தெற்கே இறங்கி, அடுத்த வெள்ளி மாலை ஏதென்ஸில் படகை ஒப்படைப்பது. வரைபடத்தில் அழகாகத்தான் இருந்தது. இறங்கும்போது காற்று முதுகில். பிள்ளைகள் பாடிக்கொண்டு போவார்கள். திரும்பும்போது? சந்தோரினியிலிருந்து ஏதென்ஸ் 120 கடல் மைலுக்கு மேல். ஒரு கடல் மைல் 1,852 மீற்றர். அத்தகைய படகு மணிக்கு ஐந்து மைல் போனால் பெரிது. அதுவும் எந்தப் பாய்ப்படகும் காற்றுக்கு நேரெதிரே போவதில்லை. ஏறத்தாழ 45 பாகை சரிந்து, இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் ஏறவேண்டும். 120 மைல் 170 ஆகிவிடும். முப்பத்துநான்கு மணிநேரம், எதிரலையில், எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் இரு பிள்ளைகளோடு. இயந்திரம் உண்டு என்றான். அந்த அலையில் இயந்திரமும் இளைக்கும் என்பதைப் படகு வாடகைக்காரரிடம் கேட்டு அவனே பின்பு அறிந்துகொண்டான்.

பண்டை வணிகனுக்கு மெல்தெமி நல்ல காற்றாக இருந்ததற்குக் காரணம், அது திசை மாறாத காற்று என்பது. அவனுக்கு வெள்ளி மாலை என்று ஒன்று இல்லை. சாதகமான காற்று வரும்வரை துறையில் கிடப்பான். ஆபத்து காற்றில் பாதி, நாள்காட்டியில் பாதி.

இதைத் தோழனுக்கு விளக்க ஹெசியொட் புறப்பட்ட அதே அவுலிஸ் துறைக்கே திரும்பவேண்டியிருந்தது. திரோய் நகரின்மேல் படையெடுத்த கிரேக்கர் கப்பல்களோடு கூடிநின்ற இடம் அது. ஈஸ்கிலஸ் தம் நாடகத்தில் சொல்லும் வண்ணம், வடக்கேயிருந்து எதிர்க்காற்று வீசிக்கொண்டே இருக்கிறது. நாள்கள் போகின்றன, உணவு குறைகிறது, படை முணுமுணுக்கிறது. தளபதி அகமெம்னோன் காற்றைத் திருப்புவதற்காகத் தன் மகள் இபிஜீனியாவைப் பலி கொடுக்கிறான். அந்த நாடகத்தை மேல்வகுப்பு மாணவருக்குச் சொல்லும்போதெல்லாம் தெய்வக் குற்றம், ஊழ் என்றெல்லாம் விளக்கியிருக்கிறேன். தோழனுடைய பயணத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணியபோதுதான் வேறொன்று தட்டுப்பட்டது. காத்திருக்கத் தெரியாத ஒரு தகப்பனின் கதையாகவும் அது இருக்கிறது. இதை அவனுக்கு எழுதினேன். எழுதியபின் அதிகப்பிரசங்கித்தனமாகப் போயிற்றோ என்று அஞ்சினேன். இரண்டு நாள் பதில் இல்லை.

இனி, முன்பு சொன்ன அந்தப் பயணம். 1993ஆம் ஆண்டு ஆடி மாதம். ஆனையிறவுப் பாதை 1990இலேயே மூடப்பட்டுவிட்டது. குடாநாட்டிலிருந்து வெளியேற எங்களுக்கிருந்த வழி கிளாலிக் கடல்நீரேரி. இரவில், விளக்கில்லாமல், ஒரு இயந்திரப் படகின் பின்னே பல படகுகளைக் கயிற்றால் தொடுத்து இழுத்துப்போவார்கள். எனக்கும் என் தோழனுக்கும் அப்போது பன்னிரண்டு வயது. இரு குடும்பமும் ஒரே படகில் ஏறி இருந்துவிட்டோம். சோழகம் உரத்து வீசியது. படகோட்டியான வயோதிபர் எழுந்து நின்று, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இண்டைக்கு வெளிக்கிடேலாது. எல்லாரும் இறங்குங்கோ" என்றார்.

எவ்வளவு ஏச்சு! பணம் கொடுத்தாயிற்று, அக்கரையில் ஆள் காத்து நிற்கிறது, நாளைக்கு என்ன நடக்கும் என்று யார் கண்டது என்று எல்லாரும் கத்தினார்கள். தோழனின் தகப்பனார் உரக்கக் கத்தியவர்களில் ஒருவர். வயோதிபர் மறுமொழி சொல்லவில்லை. கயிற்றை அவிழ்த்துச் சுருட்டத் தொடங்கிவிட்டார். அன்றிரவு மணலில் படுத்தோம். மறுநாள் இரவு காற்று விழுந்தபின் கடந்தோம். கடக்கும்போது அவன் என் கையை இறுகப் பிடித்திருந்தான். அதன்பின் பல ஆண்டுகள் அவன் எந்தப் படகிலும் ஏறியதில்லை. பயிற்சிக்குப் போனதே அந்தப் பயத்தை முறிக்கத்தான் என்பதை மூன்றாம் நாள் வந்த அவன் மடலிலிருந்துதான் அறிந்தேன். அகமெம்னோனைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. "அந்த அப்பு எங்களை இறக்கினதை மறந்தே போனன் மச்சான். கடந்தது மட்டுந்தான் ஞாபகம்" என்று எழுதியிருந்தான்.

பிறகு இருவருமாகத் திட்டத்தைப் புதிதாகப் போட்டோம். பள்ளி விடுமுறை ஓகஸ்டில்தான்; அதை மாற்ற இயலாது. ஆகவே கடலை மாற்றினோம். கிரேக்கத்தின் மேற்குக் கரையிலுள்ள அயோனியன் கடலுக்கு மெல்தெமி அவ்வளவாக வருவதில்லை. அங்கே வீசுவது மாயிஸ்த்ரோ என்னும் வடமேற்குக் காற்று. காலையில் கடல் குளம்போலக் கிடக்கும். நண்பகலுக்குப் பின் காற்று எழும். பொழுது சாய ஓயும். லெப்கடாத் தீவில் படகேறி, மெகனிசி, இத்தாக்கா, கெபலோனியாவின் பிஸ்கார்டோ துறை, மீண்டும் லெப்கடா. 1953 ஓகஸ்ட் நிலநடுக்கத்தில் அத்தீவுகளின் ஊர்கள் பல தரைமட்டமாகின; பிஸ்கார்டோ பெரும்பாலும் தப்பியது, பழைய வீடுகளை அங்கே இன்றும் காணலாம். ஒரு நாளில் பத்து, பதினைந்து மைலுக்கு மேல் இல்லை. அதுவும் தனியே அல்ல; பல படகுகள் ஒரு வழிகாட்டிப் படகோடு சேர்ந்து போகும் கூட்டுப்பயணம். பிற்பகல் நான்கு மணிக்குள் துறை சேர்ந்து, அணியத்தில் நங்கூரம் இட்டு, பின்புறத்தைக் கரையோடு கட்டிவிடவேண்டும். பிந்தினால் இடம் கிடையாது. நடுவே ஒரு நாளை எங்கும் போகாத நாளாக விட்டுவைக்கச் சொன்னேன். அவன் இரண்டு நாள் விட்டான்.

இத்தாக்கா ஒடிசியூஸின் ஊர் என்பதை நேயர்கள் அறிவீர்கள். மலேயா முனையில் வடகாற்று அடித்துச் சென்றதால் ஒன்பது நாள் அலைந்தவன் அவன். பின்பு ஒருமுறை சொந்த ஊரில் எரியும் நெருப்புக் கண்ணில் படும் தூரத்துக்கு வந்தும், கண் அயர்ந்த வேளையில் தோழர்கள் காற்றுப் பையை அவிழ்த்துவிட, மறுபடி தள்ளப்பட்டான். அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குப் படகில் வைத்தே வாசித்துக் காட்டப்போவதாகத் தோழன் சொன்னான்.

கூடவே ஒரு வேலையும் தந்திருக்கிறான். கிளாலி என்ற சொல்லையே பிள்ளைகள் கேட்டதில்லையாம். அந்த முதல் இரவை, கடக்காமல் இறங்கிய இரவை, அவர்களுக்கு விளங்கும் எளிய தமிழில் எழுதி அனுப்பும்படி கேட்டான். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த வயோதிபரின் பெயர் எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. அம்மாவிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. நேயர்களில் அக்காலத்தில் கிளாலியில் தொழில் செய்தவர் எவரேனும் இருப்பின், வானொலி நிலைய முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள்.