பீடியை விட்ட முதல் பதினைந்து நாட்கள்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



எரு இடுவதைப் பற்றியும் ஏரிக்கரையைக் காப்பதைப் பற்றியும் காலைமுதல் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிடம், உங்களுள் பலருடைய சட்டைப் பையிலேயே இருக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். பீடியும் சிகரெட்டும் தீங்கு விளைப்பவை என்று விரித்துரைக்க நாம் வரவில்லை. அதனை அறியாதார் இங்கு ஒருவரும் இலர். கட்டின்மேல் அச்சிட்டிருக்கும் படமே அதற்குப் போதும். விட்டுவிட வேண்டும் என்று எண்ணியவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். ஒரு நாள் விட்டவர்களும், மூன்று நாள் விட்டவர்களும் இருப்பீர்கள். அந்த மூன்றாம் நாள் மாலையில் என்ன நேர்ந்தது என்பதே நம்முடைய பேச்சின் பொருள்.

நாமும் 22 ஆண்டுகள் பீடி பிடித்தவரே. இரண்டு முறை விட்டுத் தோற்று, மூன்றாம் முறையில் விட்டவர். ஆகையால் இதனை மேடையிலிருந்து கீழே இறக்கும் உபதேசமாகக் கொள்ள வேண்டா.

முதலில், உடம்புக்குள் நடப்பது இன்னது என்று தெரிந்துகொள்வது நல்லது. புகையிலையில் நிக்கோட்டின் என்னும் பொருள் இருக்கிறது. புகையை உள்ளே இழுத்த 10 அல்லது 20 விநாடிகளுக்குள் அது மூளையை எட்டிவிடுகிறது. சிறிது ஊக்கத்தையும் இன்பத்தையும் தருகிறது. ஏறத்தாழ 2 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும். குறைந்ததும் மூளை மறுபடியும் கேட்கும். குறித்த வேளையில் தீவனம் வைத்துப் பழக்கிய மாடு, அவ்வேளை வந்ததும் தொட்டியை முட்டிக்கொண்டு கத்துவதில்லையா? அது போன்றதே இதுவும்.

பீடி நாட்டுச் சரக்கு, இலையில் சுற்றியது, ஆகவே சிகரெட்டைவிட மென்மையானது என்று நம்மவர் கருதுகிறார்கள். இது பிழை. பீடியில் புகையிலைத் தூள் குறைவுதான். ஆனால் அந்த இலையின் ஊடே காற்று எளிதில் புகாது; இழுக்காமல் விட்டால் அணைந்துபோகும். எனவே அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. முடிவில் நெஞ்சுக்குள் செல்லும் நிக்கோட்டினும் நச்சுக் காற்றும் சிகரெட்டினும் குறைந்தவை அல்ல. 2016-17ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் எடுத்த கணக்கின்படி வயது வந்தோரில் 100க்கு 10.7 பேர் புகை பிடிப்பவர்கள். பீடி பிடிப்பவர்கள் மட்டும் 7.7 பேர். திருநெல்வேலி, வேலூர்ப் பகுதிகளில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் எத்தனையோ பேர் என்பதை நாம் மறக்கவில்லை. அவர்களுக்கு மாற்றுத் தொழில் காண்பது தனியே பேச வேண்டிய செய்தி. அவர்கள் பிழைக்கட்டும் என்று நாம் இருமிக்கொண்டிருப்பது அதற்கு வழியாகாது.

அடியோடு நிறுத்தியவனுக்கு முதல் நாளிலேயே தொல்லை தொடங்கும். காரணமில்லாத சினம், ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாமை, கணக்கில் மனம் பதியாமை, தூக்கக் கேடு, ஓயாத பசி, மலச்சிக்கல் ஆகியவை வரும். சிலருக்கு இருமல் சில நாள் கூடவும் செய்யும். இத்தனை காலம் மடிந்து கிடந்த நெஞ்சு தன்னைத் துப்புரவு செய்துகொள்ளத் தொடங்கியதன் அடையாளம் அது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளுமே மிகக் கொடியவை. ஒரு வாரம் கடந்தால் வேகம் தணியும். மூன்று நான்கு வாரங்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். ஆனால் இருமலில் இரத்தம் கண்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலும், இது விட்டதனால் வந்தது என்று சும்மா இராமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இப்பொழுது தலையாய செய்திக்கு வருகிறோம். பீடி பிடிக்க வேண்டும் என்று எழுகிற அவா நாள் முழுவதும் ஒரே அளவில் நிற்பதன்று. அலைபோல எழும், உச்சிக்கு வரும், தானே விழும். ஓர் அலைக்கு ஆகும் நேரம் பெரும்பாலும் மூன்று நிமிடம் முதல் ஐந்து நிமிடம், மிஞ்சினால் பத்து. உழவர்களாகிய நமக்குக் கடிகாரத்தைவிடப் பழகிய அளவு ஒன்று உண்டு. 'மடை எவ்வளவு நேரத்தில் நிரம்பும்?' என்று கேட்டால், 'ஒரு பீடி நேரத்தில்' என்போம். இந்த அவாவும் அந்த ஒரு பீடி நேரமே நிற்கும். பற்றவைத்தாலும் அது போய்விடும், பற்றவைக்காவிட்டாலும் போய்விடும். இதனை அறியாதவன், 'வாழ்நாள் முழுவதும் இந்தப் பாட்டைப் படவேண்டுமே' என்று அஞ்சித் தோற்கிறான். நாமும் முதல் முறையில் அவ்வாறே மூன்றாம் நாள் மாலையில் தேநீர்க் கடை வாசலில் தோற்றோம். வாழ்நாளை வெல்ல வேண்டியதில்லை, அந்த ஐந்து நிமிடத்தைக் கடத்தினால் போதும் என்று அன்று நமக்குச் சொல்வார் இல்லை.

கடத்துவது எப்படி? இடத்தை விட்டு எழுந்து நடப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. வரப்பில் ஒரு சுற்று விரைந்து நடந்து வருவதற்குள் அவா தணிவதை நீங்களே காணலாம். ஒரு செம்பு தண்ணீரோ நீர்மோரோ சிறுகச் சிறுகக் குடிக்கலாம். மூச்சை மூக்கால் மெல்ல இழுத்து வாயால் மெல்ல விடலாம். பீடி தந்த அமைதியில் பாதி அந்த நெடுமூச்சு தந்ததே என்பது அப்போது விளங்கும். வாய் கேட்டால் ஒரு கிராம்பு, சோம்பு, நெல்லிக்காய்த் துண்டு, வறுத்த கடலை. விரல்கள் கேட்டால் கயிறு திரிப்பது, கூடையைச் செப்பனிடுவது. விரல்களுக்கும் பழக்கம் உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆனால் அவா எழுந்த பிறகு இவற்றைத் தேடலாகாது. வெள்ளம் வந்தபின் மண் மூட்டை தேடுபவன் கரையைக் காக்க மாட்டான். எந்த வேளையில், எந்த இடத்தில் உங்களுக்கு அது எழுகிறது என்று விடுவதற்கு முந்திய வாரத்திலேயே கவனித்து வையுங்கள். ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நடவும் அறுவடையும் நெருக்கும் நாள் வேண்டா. ஆனால் 'தை பிறக்கட்டும்' என்று தள்ளிக்கொண்டே போவதும் வேண்டா. முந்திய இரவில் கட்டு, தீப்பெட்டி, கூரையில் செருகி வைத்தவை, மோட்டார் கொட்டகையில் மறைத்து வைத்தவை யாவற்றையும் ஒழித்துவிடுங்கள். நாம் இரண்டாம் முறை விட்டபோது, மாட்டு வண்டியின் நுகத்தடி இடுக்கில் ஒன்றை 'இருக்கட்டும்' என்று வைத்திருந்தோம். பன்னிரண்டு நாளும் அது அங்கேயே இருந்தது என்பது ஒவ்வொரு நிமிடமும் நினைவிலும் இருந்தது.

விடியற்காலை பலருக்குக் கடினமான வேளை. 'பீடி பிடித்தால்தான் வெளிக்குப் போகும்' என்று கூறாத ஊர் இல்லை. இதில் ஓரளவு உண்மையும் உண்டு; நிக்கோட்டின் குடலைத் தூண்டக் கூடியதே. அதனை நிறுத்தியதும் குடல் சில நாள் மந்தமாகும். எழுந்தவுடன் இரண்டு குவளை வெந்நீர், நாளும் கீரை, இரவில் ஒரு வாழைப்பழம் அல்லது கொய்யா. ஓரிரு வாரங்களில் குடல் தன் வேலையைத் தானே செய்யக் கற்றுக்கொள்ளும். இதைச் சொல்ல நாணுவதால் எத்தனையோ பேர் பீடிக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஆகவேதான் சபையென்றும் பாராமல் சொல்லுகிறோம்.

அடுத்தது தேநீரும் காப்பியும். புகை பிடிப்பவரின் ஈரல், காப்பியிலுள்ள காபீன் என்னும் பொருளை விரைந்து கரைத்துவிடுகிறது. புகையை நிறுத்தியதும் அவ்விரைவு குறைந்து, அதே நான்கு குவளை இரு மடங்கு போல வேலை செய்யும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும்; 'பீடியை விட்டதால் வந்த கேடு' என்று அதன்மேல் பழி விழும். ஆகையால் முதல் வாரங்களில் குவளைகளைப் பாதியாக்குங்கள். கடை வாசலில் நின்று குடிப்பதை நிறுத்தி வீட்டில் குடியுங்கள். மதுக்கடைப் பக்கமும் அந்நாட்களில் போகவேண்டா. குடித்தவன் கையில் உறுதி நிற்பதில்லை. இரவு முறைத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள், பீடி பிடிக்காத ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்வது நலம்.

ஒன்றை விட்டு மற்றொன்றைப் பிடிப்பவரும் உண்டு. பீடியை விட்டோம் என்று வாயில் புகையிலையை அடக்குவது, கொள்ளியைக் கூரையிலிருந்து எடுத்துக் குதிரில் போடுவதாகும். வெறும் பாக்கும் குற்றமற்றதன்று. பாக்கு மெல்லுவதே வாய்ப் புற்றுக்குக் காரணமாகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு கண்டிருக்கிறது. மின் சிகரெட்டு 2019ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தடை செய்யப்பட்டது.

மருந்தின் துணையும் உண்டு. நிக்கோட்டின் மெல்லும் பசை 2 மில்லிகிராம் அளவில் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. இதனைச் சவ்வு மிட்டாய்போல விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலுமே மிஞ்சும். மெல்ல மென்று, காரம் தோன்றியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்கவேண்டும். காரம் போனதும் மறுபடி மெல்லவேண்டும். இப்படி அரை மணி நேரம். அதற்குக் கால் மணி முன்பிருந்து தேநீரும் காப்பியும் கூடா. எழுந்த அரை மணிக்குள் முதல் பீடியைப் பற்றவைப்பவர்களுக்கு இந்த அளவு போதாமற் போகலாம். அவர்களும், இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டே கொள்ளவேண்டும். 1800-11-2356 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றித் தொலைபேசினால், தமிழிலேயே ஆலோசனை பெறலாம். 2018ஆம் ஆண்டு முதல் பீடிக்கட்டின் மேலேயே இந்த எண்ணை அச்சிடுகிறார்கள். கட்டை எறியுமுன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாம் இரண்டாம் முறை தோற்றதைச் சொல்லவேண்டும். பன்னிரண்டாம் நாள் எம் தமையனார் காலமானார். காசநோய். மருந்து உண்டுகொண்டே பீடியும் பிடித்தவர். சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் இறந்த 43,000 ஆண்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2003ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகை பிடியாதவரினும் பிடித்தவருக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று அதில் கண்டார்கள். அதை நாம் படித்தது பின்னாளில். அன்று பந்தலில், வழக்கப்படி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பீடிக்கட்டையும் பிரித்து வைத்திருந்தார்கள். உறவினர் ஒருவர் அன்போடு ஒன்றை எடுத்து நம் கையில் வைத்து, தீக்குச்சியும் கிழித்து நீட்டினார். தமையனார் உள்ளே கிடத்தப்பட்டிருக்க, அவரைக் கொண்டுபோனதையே நாம் வாசலில் அமர்ந்து பிடித்தோம். ஒன்றோடு நிற்கவில்லை. 'கெட்டது கெட்டுவிட்டது' என்று மாலைக்குள் முழுக் கட்டும் தீர்ந்தது.

அந்த நாளில் செய்த பிழைகள் இரண்டு. ஒன்று, துக்க வீட்டில் இப்படி நேரும் என்று முன்கூட்டி எண்ணி வைக்காதது. மற்றொன்று, முதல் பீடியோடு எல்லாம் போயிற்று என்று கொண்டது. ஒரு பீடி பிடித்துவிட்டால் பன்னிரண்டு நாள் உழைப்பும் வீணாவதில்லை. வரப்பில் ஓர் உடைப்பு வந்தால் மண் வெட்டிப் போட்டு அடைப்போமே ஒழிய, வயல் முழுவதையும் வெள்ளத்துக்கு விட்டுவிடுவதில்லை. எஞ்சிய கட்டை எறிந்துவிட்டு அந்த நிமிடத்திலிருந்தே தொடரலாம்.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொது இடங்களில் புகை பிடிக்கத் தடை 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாளிலிருந்து வலுவான விதிகளோடு நடப்பில் உள்ளது. ஊராட்சி அலுவலகமும் பொது இடமே. அங்கே சாம்பல் தட்டு இருக்குமாயின் அதை எடுத்துவிட்டுப் பிறகு தீர்மானம் எழுதுங்கள். உங்கள் ஊரில் ஒருவர் விட்டிருக்கிறார் என்று தெரிந்தால், 'எத்தனை நாளைக்கு?' என்று நகையாட வேண்டா; அவர் முன்னிலையில் பற்றவைக்கவும் வேண்டா. வீட்டிலுள்ள தாய்மார்கள் அந்த இரு வாரத்துச் சினத்தை நோயாளியின் சினமாகப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆண்மக்களும் அதைச் சாக்காகக் கொண்டு கை ஓங்கலாகாது.

எம் ஊரில் துக்க வீட்டுத் தாம்பாளத்தில் பீடி வைப்பதில்லை என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். முதல் ஆண்டில் இரண்டு வீட்டார் மீறினார்கள். 'வந்தவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டாமா?' என்று அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பிறகு சுக்கு மல்லி நீர் வைக்கும் வழக்கம் தானே ஏற்பட்டது. ஆறியபின் அது நன்றாக இல்லை என்ற குறை மட்டும் இன்றும் இருக்கிறது.

கேட்க வேண்டியவை இருந்தால் கேளுங்கள். தெரிந்த அளவில் விடை கூறுவோம்.