விளங்காதவர்களுக்கும் மோட்சம் உண்டா?

(டிசம்பர் மாத ஒலிபரப்பில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் நின்றபோது ஒரு தாய் என்னிடம் வந்தார். பக்கத்தில் அவருடைய மகன். பத்தொன்பது வயது. தாயின் கைப்பை வாரைப் பிடித்தபடி நின்றான். அவனுக்குப் பேச்சு வராது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில வேளை திரும்பிப் பார்ப்பான். அந்தத் தாய் கேட்டார்:

"மாஸ்ரர், சுவாமிமார் சொல்லிக் குடுக்கிறது ஒண்டும் இவனுக்கு விளங்காது. விசுவசிச்சால்தான் மீட்பு எண்டு சொல்லுறியள். அப்ப இவனுக்கு மோட்சம் இருக்கோ?"

அன்று அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்லப்போகிறேன். சைவ நேயர்கள் இது வேதக்காரரின் வீட்டுக் கேள்வி என்று வானொலியை நிறுத்திவிட வேண்டாம். நம் குடும்பங்களில் இரண்டு சமயமும் கலந்திருக்கிறது. கேள்வியும் எல்லா வீட்டுக்கும் பொதுவானதுதான்.

கிறிஸ்தவ சபைகள் இந்த விடயத்தில் மூன்று வகையினரைப் பற்றி யோசித்திருக்கின்றன. ஒன்று, ஞானஸ்நானம் பெறாமலே இறந்த பச்சிளம் குழந்தைகள். இரண்டு, பிறப்பிலிருந்தே அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள். மூன்று, ஒருகாலத்தில் எல்லாம் விளங்கி, பிறகு மறதி நோயால் அதை இழந்தவர்கள்.

முதலில் குழந்தைகள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகுஸ்தீன் கடுமையான ஒரு முடிவுக்கு வந்தார். ஜென்மப் பாவம் எல்லாருக்கும் உண்டு, ஞானஸ்நானம் இல்லாமல் அது நீங்காது, ஆகவே ஞானஸ்நானம் இன்றி இறந்த குழந்தைக்கும் தண்டனை உண்டு, ஆனால் அது மிக மிக இலேசானது என்றார். மத்திய காலத்து இறையியலாளர்களுக்கு இது மனம் ஒப்பவில்லை. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா போன்றவர்கள் 'லிம்போ' என்ற நிலையைப் பற்றி எழுதினார்கள். அங்கே வேதனை இல்லை. இயற்கையான மகிழ்ச்சி உண்டு. ஆனால் கடவுளை நேருக்கு நேர் காண்பது இல்லை.

நூல்களில் இது ஒரு நல்ல சமரசமாகத் தெரிந்தது. தாய்மாருக்கு அப்படி இருக்கவில்லை. அயர்லாந்தில் ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளைச் சேமக்காலையில் புதைக்க விடாமல், ஊர் எல்லைகளிலும் பாழடைந்த பழைய மேடுகளிலும் இரவோடு இரவாகப் புதைத்தார்கள். அந்த இடங்கள் இன்றும் அங்கே அடையாளம் காணப்படுகின்றன. எங்கள் அம்மம்மாவுக்கும் பிறந்து ஒரு மணித்தியாலத்தில் போன ஒரு பிள்ளை இருந்தது. வளவு மூலையில், மாதுளை மரத்தடியில் வைத்தார்கள். அம்மம்மா இறந்த எல்லாருடைய பெயரையும் சொல்லிச் செபமாலை செய்வார். அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்காததால் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார். பிறகு அடுத்த மணிக்குப் போவார்.

நேயர்களே, லிம்போ ஒருபோதும் கத்தோலிக்க திருச்சபையின் விசுவாச சத்தியமாக அறிவிக்கப்பட்டதில்லை. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் அந்தச் சொல்லே கிடையாது. இந்தக் குழந்தைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது என்றே அது சொல்கிறது. 2007இல் பாப்பரசர் 16ஆம் ஆசீர்வாதப்பரின் சம்மதத்துடன் சர்வதேச இறையியல் ஆணைக்குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்தக் குழந்தைகளுக்கு மீட்பு உண்டு என்று நம்பிக்கை கொள்ளப் பலமான காரணங்கள் இருப்பதாக அது கூறியது.

'நம்பிக்கை' என்றுதான் சொன்னார்கள், 'நிச்சயம்' என்று சொல்லவில்லை. சிலருக்கு இது குறையாகப் படலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். புனிதர் பட்டம் பெற்றவர்களைத் தவிர, வயது வந்து இறந்த எவரைப் பற்றியும் திருச்சபை நிச்சயம் என்று சொல்வதில்லை. உங்கள் தகப்பனாருக்கு எந்த நம்பிக்கையோடு அடக்கப் பூசை வைத்தீர்களோ, அதே நம்பிக்கைதான் பெயரில்லாத அந்தப் பிள்ளைக்கும். தனியாக ஒரு மூலையில் அதை விடவில்லை.

மற்றச் சபைகளிலும் இதே பயணம் நடந்திருக்கிறது. பிரெஸ்பிட்டேரியன் சபையாரின் 1646ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, தெரிந்துகொள்ளப்பட்ட குழந்தைகளும், வார்த்தையைக் கேட்டு விளங்க முடியாத தெரிந்துகொள்ளப்பட்ட மற்றவர்களும் ஆவியானவரால் மீட்கப்படுவார்கள் என்றது. அப்போ தெரிந்துகொள்ளப்படாத குழந்தை? அந்தக் கேள்வி 250 வருடம் உறுத்தியது. 1903இல் அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் சபை, குழந்தைப் பருவத்தில் இறக்கும் எல்லாரும் மீட்கப்படுகிறார்கள் என்று விளக்கம் கொடுத்தது. பெந்தெகொஸ்தே, பப்ரிஸ்ற் சபைகளில் 'பொறுப்பறியும் வயது' என்று பேசுவார்கள். அந்தச் சொல் வேதாகமத்தில் இல்லை. ஆனால் நன்மை தீமை அறியாத பிள்ளைகள் வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் போவார்கள் என்று உபாகமம் முதலாம் அதிகாரத்தில் இருக்கிறது. தாவீது ராசாவும் தன் குழந்தை இறந்தபோது, நான் அதனிடம் போவேன் என்ற கருத்தில் பேசி ஆறுதல் அடைகிறார்.

இனி அந்தத் தாயின் மகனிடம் வருவோம். அவன் ஞானஸ்நானம் பெற்றவன். கத்தோலிக்க போதனைப்படி சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும். அறிவுப் பிராயம் அடையாதவன் அதைச் செய்ய முடியாது. ஆகவே அவனைப் பற்றிச் சந்தேகத்துக்கே இடமில்லை. "அம்மா, உங்களையும் என்னையும் பற்றித்தான் யோசிக்க வேணும். இவனைப் பற்றி இல்லை" என்று சொன்னேன். அவர் சிரித்தார், கண் கலங்கியபடி.

பிறகு அவர் சொன்னதுதான் என்னை வருத்தியது. வேறோர் ஊரில் இருந்தபோது, கேள்வி பதில் பாடமில்லை என்று சொல்லி மகனுக்கு முதல் நன்மை கொடுக்காமல் விட்டார்களாம். அவன் வயதுப் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு போனபோது, இவன் வாங்கிலேயே இருந்தானாம்.

சின்னக் குறிப்பிடத்தை மனப்பாடம் செய்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அதனால் அறிவையும் விசுவாசத்தையும் ஒன்றாக நினைத்துவிட்டோம். 1910இலேயே பாப்பரசர் 10ஆம் பத்திநாதர் நன்மை வாங்கும் வயதை ஏழளவுக்குக் குறைத்து, சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்ற அளவுக்கு வந்தார். 2020இல் வத்திக்கான் வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டி இன்னும் தெளிவாக, வலுக்குறைந்தோருக்கு எவரும் திருவருட்சாதனங்களை மறுக்கக் கூடாது என்கிறது. மாற்கு நற்செய்தியில் திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக இறக்கியவர்கள் நான்கு பேர். ஆண்டவர் பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை. கட்டிலில் கிடந்தவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கனடாவில், ரொறன்ரோவுக்கு அருகே டேபிரேக் என்ற இல்லத்தில், பெரிய பல்கலைக்கழகங்களில் படிப்பித்த ஹென்றி நோவென் என்ற குருவானவர் 1986இல் சேர்ந்தார். பேச்சு இல்லாத, வலிப்பு நோயுள்ள ஆடம் என்ற இளைஞனைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு கொடுப்பது அவருக்குக் கிடைத்த வேலை. 1996இல் ஆடம் இறந்தபோது, தன்னுடைய குருவும் வழிகாட்டியும் அவனே என்று நோவென் எழுதத் தொடங்கினார். அதே வருடம் அவரும் போய்விட்டார்.

ஆனால் இந்த நாட்டில் நாம் மறக்கக் கூடாத இன்னொரு கதையும் உண்டு. கிறைஸ்ற்சேர்ச்சில் மேரிலண்ட்ஸ் என்ற பாடசாலையைக் கத்தோலிக்க துறவற சபை ஒன்று 1955 முதல் 1984 வரை நடத்தியது. கற்கும் ஆற்றல் குறைந்த ஆண் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு நடந்த கொடுமைகளை அரச ஆணைக்குழு 2023இல் வெளிப்படுத்தியது. 2024 நவம்பரில் பராமரிப்பு நிலையங்களில் வதைபட்ட எல்லாரிடமும் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இப்பிள்ளைகள் கடவுளுக்கு நெருங்கியவர்கள் என்று போதித்த சபைக்குள்ளேயே இது நடந்தது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் கடைசித் தீர்வையில் கேட்கப்படுவது இந்தச் சிறியவர்களிடம் அல்ல, இவர்களை வைத்திருந்தவர்களிடம்.

மூன்றாவது, நம் மூத்தவர்கள். இடம்பெயர்ந்து, கடல் கடந்து இங்கு வந்து, இன்று பிள்ளையின் பெயரும் செபமாலையும் மறந்துபோன அம்மாமார் பல வீடுகளில் இருக்கிறார்கள். "அம்மா இப்ப கோயிலுக்குப் போகமாட்டன் எண்டு ஏசுறா, பாவமோ?" என்று கேட்கிறார்கள். இல்லை. நோய் பேசுவதற்கு அவர் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. சுயநினைவோடு இருந்த காலத்தில் மறைமுகமாகவேனும் விரும்பியவருக்கு நோயில் பூசுதல் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. அவர் மறந்தாலும் கடவுள் அவரை மறப்பதில்லை.

நடைமுறையாகச் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். ஆபத்தில் உள்ள குழந்தைக்கு, திருச்சபையின் கருத்துப்படி செய்யும் எண்ணத்தோடு எவரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மிடில்மோர் போன்ற ஆஸ்பத்திரிகளில் சமயப் பணியாளரை அழைக்கத் தாதியிடம் சொல்லலாம். அதற்கு முன் குழந்தை போய்விட்டால், பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்தார்கள் என்றால், ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறைப்படி அடக்கம் செய்யலாம். வலுக்குறைந்த பிள்ளைக்கு முதல் நன்மை வேண்டுமானால் பங்குச் சுவாமியிடம் நேரே கேளுங்கள். ஒருவர் மறுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோதுவின் வாளுக்கு இரையான பெத்லகேம் பிள்ளைகள் கிறிஸ்துவின் பெயரைக்கூட அறியாதவர்கள். ஞானஸ்நானம் பெறாதவர்கள். ஆனாலும் திருச்சபை அவர்களைப் புனிதர்களாகக் கொண்டாடுகிறது. அதற்கு இரண்டு நாள் முன்னதாக, 2004 டிசம்பர் 26இல், முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கடல் கொண்டுபோன பிள்ளைகளும் நமக்கு இருக்கிறார்கள். யுத்தம் கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள்.

அன்று உங்கள் வீட்டில் ஒரு விளக்கை ஏற்றுங்கள். பெயர் வைக்காமல் போன பிள்ளை இருந்தால், இப்போதாவது ஒரு பெயர் வையுங்கள். நான் எங்கள் அம்மம்மாவின் பிள்ளைக்கு ஒன்று வைத்திருக்கிறேன். செபமாலையில் இனி அந்த இடத்தில் நிறுத்த வேண்டியதில்லை.