கையெழுத்துக்கு முன் ஒரு வகுப்பு



சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதி ஆஸ்பத்திரிகளில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நர்ஸிங் பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். பலருக்கும் அடுத்த கனவு வெளிநாடுதான். அதற்காக ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறார்கள், ஜெர்மன் கற்கிறார்கள். ஆனால் வேலை ஒப்பந்தத்தைப் படிக்க அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

2014-இல் இராக்கின் திக்ரித் நகரில், போருக்கு நடுவே 46 இந்தியச் செவிலியர்கள் சிக்கினார்கள். பெரும்பாலோர் கேரளத்துப் பெண்கள். தூத்துக்குடிப் பெண் ஒருவரும் இருந்தார். ஜூலை 5 அன்று அவர்கள் கொச்சியில் பத்திரமாக வந்திறங்கியது பலருக்கு நினைவிருக்கும். ஆனால் சண்டை நெருங்கிய நாட்களிலும் அவர்களில் பலர் ஊர் திரும்பத் தயங்கினார்கள். வேலைக்காக வாங்கிய கடன் அடையவில்லை. சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி. வெறுங்கையோடு திரும்பினால் வட்டியை யார் கட்டுவது? உயிர் பயத்தையும் மீறி அந்தக் கடன் அவர்களைப் பிடித்து நிறுத்தியது. என் மனதை விட்டு அகலாத செய்தி இது.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும், பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் கட்டணமாக வாங்கலாம். தமிழக அரசுக்கே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. நர்ஸிங் கல்லூரியிலேயே ஒரு வகுப்பு வைத்து இதெல்லாம் சொல்லிக் கொடுத்தால், லட்சங்களைக் கேட்கும் தரகரிடம் நம் பிள்ளைகள் துணிந்து கேள்வி கேட்பார்கள். விசிட் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. பாஸ்போர்ட்டை முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டியதில்லை. சிக்கல் வந்தால் இந்தியத் தூதரகத்தை நாடலாம். இவையும் பாடம்தான்.

இதைவிடக் கடினமான பாடம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் வேலை செய்யும் இடத்தில் ஒருவன் தப்பாக நடந்துகொண்டால், பெண் அதை வீட்டில் சொல்வதில்லை. சொன்னால் “பொட்டியக் கட்டிட்டு வந்துரு கண்ணு” என்பார்கள்; தங்கச்சியையும் அனுப்ப மாட்டார்கள். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொள்கிறாள். அதனால் இந்த வகுப்பில் பெற்றோரும் உட்கார வேண்டும். மகள் குறை சொன்னால் அது அவள் தோல்வி அல்ல என்பதை முதலில் அவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

கல்லூரி முதல்வர்களே, வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய செவிலியர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். இந்த ஆண்டே அவர்களை உங்கள் வகுப்பறைக்கு அழையுங்கள். அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.