மூச்சு வாங்குகிறதா?

(கற்போர் மையம் ஒன்றில் ஒரு நர்ஸ் பேசியது)



உங்கள் வகுப்புக்கு ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார். வயது 58. திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். நான் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குது, சிஸ்டர். வகுப்பிலே இருமினால் டி.பி. என்று ஒதுங்கிப் போகிறார்கள். நான் வரலை" என்றார்.

அவர் சம்மதித்ததால்தான் இதை இங்கே சொல்கிறேன்.

சளியைச் சோதித்தோம். டி.பி. இல்லை. (இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் யாரானாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.) பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு குழாயில் பலமாக ஊதச் சொன்னார்கள். நோய் தெரிந்தது. அதன் பெயர் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். டாக்டர்கள் சி.ஓ.பி.டி. என்பார்கள். இது ஒட்டுவாரொட்டி நோய் இல்லை. பக்கத்தில் தைரியமாக உட்காரலாம்.

அந்த அக்கா பீடியைத் தொட்டதே இல்லை. பிறகு எப்படி வந்தது? 40 வருடம் விறகு அடுப்பு. ஜன்னல் இல்லாத அடுப்படி. ஆண்களுக்குப் பெரும்பாலும் பீடி, சிகரெட்டால் வருகிறது. பெண்களுக்கு அடுப்புப் புகையால் வருகிறது. 2016-இல் தொடங்கிய உஜ்வாலா திட்டத்தில் பல ஏழை வீடுகளுக்கு காஸ் அடுப்பு வந்தது. ஆனால் சிலிண்டர் வாங்கக் காசு இல்லாத மாதத்தில் மறுபடி விறகுதான். இது உங்களுக்குத் தெரியாததா?

நம் நுரையீரல் தலைகீழாகப் பிடித்த மரம் போல இருக்கும். கிளை கிளையாகக் காற்றுக் குழாய்கள். நுனியில் சின்னச் சின்னக் காற்றுப் பைகள். 30 கோடிக்கும் மேல்! பல வருடம் புகை பட்டால் குழாய்கள் சுருங்குகின்றன. பைகள் சிதைகின்றன. சிதைந்த பை மறுபடி முளைக்காது. இதை நான் மறைக்கமாட்டேன். உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வராமல் தங்கிவிடுகிறது. புதுக் காற்றுக்கு இடம் இல்லை. அதனால்தான் மூச்சு வாங்குகிறது.

மூச்சு வாங்கியதும் பயம் வருகிறது. பயந்து உட்கார்ந்துவிடுகிறோம். வீட்டிலும் "நீ சும்மா இரு" என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் உட்கார உட்காரக் காலில் சதை வற்றும். பலம் இல்லாத கால் அதே நாலு எட்டுக்கு இன்னும் அதிகமாக மூச்சைக் கேட்கும். கடைசியில் திண்ணைக்கு வருவதே பெரிய பயணம் ஆகிவிடும்.

நான் அவரிடம் கேட்டேன்: "அக்கா, மறுபடி என்ன செய்ய உங்களுக்கு ஆசை?"

"பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடணும். வகுப்புக்குப் போகணும். 'ழ' இப்போதுதான் எழுத வந்தது."

டாக்டர் நடக்கலாம் என்றார். முதல் வாரம் வாசலிலிருந்து வேப்பமரம் வரை. அடுத்த வாரம் ரேஷன் கடை வரை. மூச்சு வாங்கினால் நின்று, சுவரில் சாய்ந்து, பிறகு நடப்பார். இரண்டு மாதத்தில் பள்ளிக்கூட வாசலைத் தொட்டுவிட்டார். நடுவில் மூன்று இடத்தில் நிற்பார். நிற்கட்டுமே! பேத்திக்கு அவசரம் இல்லை.

இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிறார். உட்கார்ந்தே காய் நறுக்குகிறார். குடத்தைத் தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுகிறார். வயிறு முட்டச் சாப்பிட்டால் நெஞ்சு விரிய இடம் இருக்காது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை சாப்பிடுகிறார். சமையல் காஸ் அடுப்பில். விறகு எரிக்கும் நாளில் மகன் வெளியே அடுப்பு மூட்டுகிறார்.

மருந்துக்கு வருவோம். "இன்ஹேலர் பழகினால் விடாது" என்று ஊரில் பேசுகிறார்கள். அது தவறு. மாத்திரையை விட மிகக் குறைந்த மருந்து, நேரே நுரையீரலுக்குப் போகிறது. அவ்வளவுதான். சிலர் இன்ஹேலரில் போட வேண்டிய கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிடுகிறார்கள்! சிரிக்காதீர்கள். சொல்லிக் கொடுக்காதது எங்கள் தவறு. எப்படி இழுப்பது என்று கேளுங்கள். எங்கள் எதிரிலேயே இழுத்துக் காட்டுங்கள். பிறகு வாயைக் கொப்பளியுங்கள்.

பீடி பிடிப்பவர்கள் எந்த வயதில் விட்டாலும் நோய் மெதுவாகும். விட முடியவில்லையா? 1800-11-2356 என்ற இலவச எண்ணில் உதவி கேட்கலாம்.

சளி மஞ்சளாக, பச்சையாக மாறினாலும், வழக்கத்தை விட மூச்சு அதிகமாக வாங்கினாலும் உடனே டாக்டரிடம் வாருங்கள். உதடு நீலமானாலோ, பேச்சு குழம்பினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

அந்த அக்கா இன்று வந்திருக்கிறார். மூச்சு வாங்கும்போது என்ன செய்வது என்று அவரே காட்டுவார். எல்லோரும் செய்யுங்கள். தோளைத் தளர விடுங்கள். வாயை மூடி, மூக்கால் இழுங்கள். ஒன்று, இரண்டு. உதட்டைக் குவியுங்கள். எதிரே ஒரு விளக்கு இருப்பதாக நினையுங்கள். சுடர் ஆட வேண்டும், அணையக் கூடாது. மெதுவாக ஊதுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. குழாய்கள் திறந்திருக்கும். பழைய காற்று வெளியே போகும்.

அக்கா, முன்னால் வாருங்கள். மெதுவாக வாருங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்.