கல்லூரி மாணவரும் தொண்டும்

(குட்வில் எஸ்டேட்டில் ஆண்டு விழாவன்று நிகழ்த்திய உரை)



மாணவர் தொண்டினைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் நம்மைப் பணித்தனர். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை, இத்தீவுகளிலேயே உண்டு.

வேதப்பன் சாலமோன் என்னும் தமிழர் 1890-களின் நடுவில் கார் நிக்கோபாருக்குச் சென்றார். அரசாங்க ஏஜெண்டு, உபதேசியார், பள்ளி ஆசிரியர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் அவர் ஒருவரே சுமந்தார். தீவினரின் வழக்கங்களையும் தேங்காய் வாணிகத்தையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அதன் பகுதிகள் 1901ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கு அறிக்கையில் இடம்பெற்றன. நம்மவருள் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருக்கிறோம்?

அவரிடம் பயின்ற நிக்கோபாரிச் சிறுவர் ஒருவர் மேற்படிப்புக்காகப் பர்மாவிலுள்ள மாந்தலைக்கு அனுப்பப்பட்டார். அவரே ஜான் ரிச்சர்ட்சன். 1912இல் ஊர் திரும்பி ஆசிரியரானார். பிள்ளைகளுக்கு எழுத்தோடு கால்பந்தும் கற்பித்தார். குருப்பட்டம் பெற்றதோ 1934இல்தான். இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகளை இளைஞர் கருத வேண்டும். பள்ளியறையிலும் விளையாட்டுத் திடலிலும் ஊரார் அவரை அறிந்துகொண்ட காலம் அது. ஜப்பானியர் ஆட்சியில் பெருந்துன்பம் அடைந்தார். 1950இல் பேராயரானார், 1952இல் நியமன உறுப்பினராய் மக்களவையில் அமர்ந்தார்.

தமிழ்நாட்டில் மற்றொருவர், வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வே. ச. அசரியா. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றபின், 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகி ஊர் ஊராய் மாணவரிடையே உழைத்தார். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்ற முன்னின்றார். 1909இல் குருவாகித் தோர்ணக்கல் சென்றபோது வயது முப்பத்தைந்து. அந்த வயதில் தெலுங்கு மொழியில் உழைக்கத் துணிந்தார். 1912இல் இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயரானார்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ, "திருச்சபை ஊழியத்துக்குப் போகலாமா?" என்று வாய் திறந்தால் அன்றிரவு அடுப்பு எரிவதில்லை. கப்பலேறி வந்து, கூலி வேலை செய்தும் கடை வைத்தும் படிக்க வைத்த தகப்பனாருக்குச் சர்க்கார் உத்தியோகத்தின் மேல் கண் இருப்பது இயல்பே. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் அப்பிள்ளையின் வாயை அடைப்பதும் தகாது. ஒரு கூட்டத்தில் உள்ளம் உருகியதை மட்டும் நம்பி மறுநாளே புறப்படுவதும் தகாது. முதலில் ஈராண்டு தொண்டு செய்து பார்க்கட்டும். ஆயரோடு நோயாளிகளைக் காணச் செல்லட்டும். ஞாயிறு பள்ளியில் கற்பிக்கட்டும். அதன்பின் சபையும் பேராயமும் ஆராய்ந்தே அனுப்பும். மதுரை அரசரடியில் தமிழிலேயே இறையியல் பயிலலாம் என்பதையும் பெற்றோர் அறிக.

மற்றச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் வழி உண்டு. 1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் ஈராண்டில் 240 மணி நேரம் உழைக்க வேண்டும். ஏழு நாள் முகாமும் உண்டு. முகாமில் அரிசிக் கணக்கு எழுதிப் பழகாதவரைச் செயலாளராக்கினால் என்ன ஆகும் என்பதை இங்குள்ள முதியோர் நன்கு அறிவர்! பிணங்கி நிற்கும் இருவரை ஒரே கிணற்றைத் தூர் வாரச் செய்வதும் அங்கேதான் கற்கப்படுகிறது.

நம் காலனியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசியும் எழுதப் படிக்க இயலாதிருக்கின்றனர். மாலையில் ஒரு மணி நேரம் கற்பிக்க நான்கு மாணவர் போதும். நூல்களுக்கும் விளக்குக்கும் நாம் பொறுப்பேற்கிறோம். விருப்பமுள்ளோர், கலை நிகழ்ச்சி தொடங்குமுன் வாயிலருகே வைத்துள்ள ஏட்டில் தம் பெயரும், வர இயலும் நாட்களும் குறிப்பார்களாக.