மழைக்குக் காத்திருக்கும் அந்துப்பூச்சி

மானாவாரியில் கடலை போடுகிறவர்களுக்குச் சிவப்புக் கம்பளிப்புழு என்றாலே வயிறு கலங்கும். ஆனால் அந்தப் புழுவின் தாயைப் பார்த்ததுண்டா என்று கேட்டால் யோசிப்பார்கள். பார்த்திருப்பார்கள்; இதுதான் அது என்று தெரிந்திருக்காது.

புலி அந்துப்பூச்சிகள் என்றொரு பெரிய குடும்பம் உலகெங்கும் உண்டு. அதில் ஒன்றுதான் இது. அறிவியல் பெயர் அம்சாக்டா ஆல்பிஸ்ட்ரைகா. நல்ல மழை பெய்து இரண்டொரு நாள் கழித்து, விளக்கு வெளிச்சம் விழும் சுவரைப் பாருங்கள். பழுப்பு நிற முன் இறக்கை, அதில் வெள்ளைக் கோடுகள், முன் விளிம்போரம் மஞ்சள் பட்டை. இறக்கையை மெல்ல விலக்கினால் உள்ளே வெள்ளைப் பின் இறக்கையும் அதில் கரும்புள்ளிகளும் தெரியும். பார்க்க அழகான பூச்சி, அதை மறுக்க முடியாது. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் என்று தென்னாட்டு மானாவாரி நிலங்கள்தான் இதற்கு முக்கிய இருப்பிடம். வடக்கே இதன் உறவான அம்சாக்டா மூரி இருக்கிறது. இங்கே மஞ்சள் உள்ள இடத்தில் அதற்குச் சிவப்பு.

என்னை வியக்க வைப்பது இதன் பொறுமை. விளைச்சலைத் தின்று கொழுத்த புழு, வரப்போரத்திலும் மர நிழலிலும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். ஒன்பது பத்து மாதம் சோறு தண்ணீர் இல்லை. அடுத்த பருவத்து மழை மண்ணை நனைத்தால்தான் அந்துப்பூச்சியாகி வெளியே வரும். நாம் விதைக்கக் காத்திருக்கும் அதே மழைக்குத்தான் அதுவும் காத்திருக்கிறது.

வந்த பூச்சி இலையின் அடியில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுப் புழுக்கள் ஒரே இலையில் கூட்டமாக அமர்ந்து பச்சையத்தைச் சுரண்டுவதால் இலை கண்ணாடித்தாள் போலாகிவிடும். அப்போதே அந்த இலையைக் கிள்ளி அழித்தால் வேலை சுலபம். வளர்ந்து உடம்பெல்லாம் செம்பழுப்பு மயிர் முளைத்துவிட்டால் மருந்துக்கும் எளிதில் அடங்காது. ஒரு கொல்லையை மொட்டையடித்துவிட்டு அடுத்த கொல்லைக்குப் படையெடுக்கும்.

ஆகவே கோடை உழவு போடுங்கள். கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். மழை பெய்ததும் முன்னிரவில் விளக்குப்பொறி வையுங்கள், அல்லது தீமூட்டுங்கள். ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்துக் கொல்லைப் புழு உங்கள் கொல்லைக்கு வரும். ஊரே சேர்ந்து ஒரே நாளில் செய்ய வேண்டும். புழு நகரத் தொடங்கிவிட்டாலும் கைவிட வேண்டாம்: கொல்லையைச் சுற்றி ஓரடி ஆழத்துக்குச் செங்குத்தாக வாய்க்கால் வெட்டி, அதில் விழுகிற புழுக்களை அள்ளி அழிக்கலாம்.